கடைத்தெரு போன வழி



பரிசளிப்பு விழா மலர் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளையின் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவீர்கள். பிறகு தலைமையாசிரியர் உரை, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரின் வாழ்த்து என்று புரட்டுவீர்கள். கடைசியில் இருக்கும் விளம்பரப் பக்கங்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. இந்தத் தடவை கொஞ்சம் நின்று பாருங்கள். என் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விளம்பரம் திரட்டும் வேலை இவ்வாண்டு என் தலையில் விழுந்தது. யார் யாரிடம் போகலாம் என்று தெரிந்துகொள்ள, நூலகத்து இரும்பு அலமாரியில் இருந்த பழைய மலர்களை இறக்கினேன். 1979ஆம் ஆண்டு மலர் ஒன்று கிடைத்தது. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. விளம்பரங்களை எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 31. துணிக்கடை மட்டும் ஏழு, நகைக்கடை நான்கு, பிறகு மளிகைக் கடை, சைக்கிள் கடை, தையற்கடை, போட்டோ ஸ்டூடியோ. எல்லாம் நம் பட்டணத்துக் கடைத்தெருவில் இருந்தவை. இவ்வாண்டு எனக்குக் கிடைத்தவை ஒன்பது. அதில் துணிக்கடை ஒன்றுகூட இல்லை.

விளம்பரம் குறைந்தால் என்ன, மலரை மெல்லியதாகப் போட்டால் போகிறது என்று நினைக்கலாம். அப்படியில்லை. விளம்பரப் பணத்தில்தான் மலர் அச்சாகிறது; மிஞ்சுவதில்தான் உங்கள் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்குகிறோம்.

பழைய மலரை மேசையில் வைத்திருந்தபோது ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “சார், இந்தக் கடையெல்லாம் எங்கே சார் இருக்கு?” என்றாள். “மூடிட்டாங்கம்மா” என்றேன். “ஏன் சார்? யாரும் வாங்கலியா?” என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு இது வெட்கம்தான். அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றிப் போகவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுப் பெருங்கடைகளின் கதை சிங்கப்பூரில் தொடங்குகிறது. பெருங்கடை என்று நான் சொல்வது ஒரே கூரையின் கீழ்த் துணி, சப்பாத்து, பீங்கான், கட்டில், மெத்தை என்று பகுதி பகுதியாகப் பிரித்து, விலையை எழுதி வைத்து விற்கும் கடை. பேரம் பேச முடியாது. சிங்கப்பூர் ஆற்று முகத்துக்கு அருகில் ராபிள்ஸ் பிளேஸ் என்று ஒரு சதுக்கம். கப்பலில் வந்து இறங்குகிறவன் நாலு எட்டு வைத்தால் அங்கே வந்துவிடுவான். அந்த இடத்தில்தான் 1840களில் ஜான் லிட்டில் என்ற கடை எழுந்தது. 1858ல் பிலிப் ராபின்சன் என்பவரும் ஸ்பைசர் என்பவரும் கூட்டாக இன்னொரு கடை திறந்தார்கள். இந்த ஸ்பைசர் அதற்கு முன்பு சிறைச்சாலைக் காவல் அதிகாரியாக இருந்தவராம்! மறு ஆண்டே அவர் விலகிக்கொண்டார். ராபின்சன் பெயர் நிலைத்துவிட்டது. 1928ல் கோலாலம்பூரிலும் அவர்கள் ஒரு கிளை வைத்தார்கள்.

அந்தக் கடைகள் நமக்காகத் திறந்தவை அல்ல. வெள்ளைக்காரத் துரைமாருக்காகவும் அவர்கள் வீட்டு அம்மாமாருக்காகவும் திறந்தவை. தோட்டத்துப் பங்களாவில் இருந்த தொப்பி, விஸ்கி கிளாஸ், மேசை விரிப்பு எல்லாம் அப்படிப்பட்ட கடைகளிலிருந்து வந்தவைதான். என் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது, பங்களாவில் வேலை செய்த அவருடைய அப்பாவோடு ரயில் நிலையத்துக்குப் போய்ப் பெட்டி தூக்கி வருவாராம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. “கனமா இருக்கும், ஆனா வைக்கோல் வாசம்தான் வரும்” என்பார். நம் ஆட்களுக்கும் பெருங்கடைக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

இப்போது மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ராபின்சன் கடை 1941ல் ராபிள்ஸ் பிளேஸில் புதிய இடத்துக்கு மாறியது. அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி விடியற்காலை ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர்மீது முதன்முதலாகக் குண்டு போட்டபோது அந்தக் கடையும் அடிபட்டது. குண்டுக்கும் ஜப்பான்காரன் ஆட்சிக்கும் பிறகு, 1946ல் மீண்டும் கதவைத் திறந்தது. 1955ல் பக்கத்தில் இருந்த ஜான் லிட்டில் கடையையே வாங்கிவிட்டது. குண்டு போட்டும் சாகாத கடை அது.

பிறகு 1972ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி அந்தக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். மின்தூக்கியில் சிக்கிக்கொண்டவர்களும் அதில் உண்டு. மின்சாரக் கம்பிக் கோளாறுதான் காரணம். அந்த இடத்தில் கடை திரும்ப வரவே இல்லை. ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போய்விட்டது.

ஏன் அங்கே போனது? சி. கே. டாங் என்ற சீன வியாபாரி 1958லேயே ஆர்ச்சர்ட் ரோட்டில் கடை கட்டியிருந்தார். எதிரில் இடுகாடு. யாராவது சுடுகாட்டுக்கு எதிரே கடை வைப்பானா என்று சிரித்தார்கள். ஆனால் அவர் வேறு ஒன்றைப் பார்த்தார். டாங்லின் பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரப் பெண்கள் நகரத்துக்குள் போகும்போது அந்த வழியாகத்தான் போகவேண்டும். வழி எங்கே போகிறதோ அங்கே கடை. கப்பலில் வந்து இறங்கிய காலத்தில் ராபிள்ஸ் பிளேஸ் சரியான இடம். கப்பல் துறையும் குடியிருப்பும் வேறு பக்கம் போனபின் அது வங்கிகளின் இடமாகிவிட்டது. தீ எரித்தது ஒரு கட்டடத்தை; கடைத்தெருவின் வழி அதற்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டது. இதுதான் நான் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பதிலின் பாதி.

மறுபாதிக்குக் கோலாலம்பூர் வருவோம். அங்கே ஒரு சாலை. பத்து கிராமத்துப் பக்கம் போவதால் பத்து ரோடு என்று பெயர். நம் நாட்டின் முதல் பேரரசர் நினைவாக ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்று பின்னர் மாற்றினார்கள். ஆனாலும் பெரியவர்கள் இன்னும் பத்து ரோடு என்றே சொல்லுவார்கள். இரண்டு பக்கமும் மாடிக் கடைகள். கீழே அஞ்சடி. வெயிலானாலும் மழையானாலும் அஞ்சடியிலேயே தெருக் கோடிவரை நடந்துவிடலாம். பட்டு, வாயில், பாப்ளின் என்று துணிக்கட்டுகள் கூரைவரை அடுக்கி இருக்கும்.

நம் மக்களுக்குப் பெருங்கடை என்றால் அதுதான். என் அம்மா அடிக்கடி சொல்லும் கதை இது. 1970களில், தீபாவளி முன்பணம் கைக்கு வந்த அடுத்த ஞாயிறு விடியற்காலையில் தோட்டத்து வாசலில் பஸ் ஏறுவார்களாம். கோலாலம்பூர் போய்ச் சேர வெயில் ஏறிவிடும். பாட்டி ஒரு கடையில் நுழைந்தால் லேசில் வெளியே வரமாட்டார். பேரம் பேசி, கோபித்துக்கொண்டு இறங்கி, கடைக்காரர் திரும்பக் கூப்பிட்டு, அதற்குப் பிறகுதான் கஜக்கோல் எடுப்பார்கள். ஒரே கட்டில் வெட்டிய துணிதான் வீட்டில் எல்லாருக்கும். அப்பாவுக்குச் சட்டை, மூன்று பெண்களுக்குப் பாவாடை, மிச்சத்தில் தலையணை உறை. தீபாவளி அன்று லயத்தில் எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடலாமாம்! துணி வாங்கியானதும் கொலிசியம் தியேட்டரில் படம், ஒரு தேநீர், கடைசி பஸ். பஸ் நின்ற இடத்திலிருந்து தியேட்டர் வரைக்கும் அவர்கள் நடந்த வழிதான் அந்தக் கடைகளுக்கெல்லாம் சோறு போட்டது.

அந்த நடையை நிறுத்தியது எது? ஒரே நாளில் நிற்கவில்லை. 1973ல் அம்பாங் பார்க் என்ற வணிக வளாகம் திறந்தார்கள். நாட்டின் முதல் வளாகம் என்று அதைச் சொல்வார்கள். 1977ல் புக்கிட் பிந்தாங்கில் சுங்கை வாங் பிளாசா வந்தது. 1984ல் ஜப்பான்காரர்களோடு சேர்ந்து ஜெயா ஜஸ்கோ தொடங்கியது. 1985ல் புரோட்டோன் சாகா கார் ஓட ஆரம்பித்தது. இவை இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கையில் கார் உள்ளவன் கார் நிறுத்த இடம் இருக்கும் கடைக்குத்தான் போவான். பத்து ரோட்டில் கார் நிறுத்த இடம் எங்கே?

வளாகம் என்பது என்ன என்றும் யோசித்துப் பாருங்கள். பெருங்கடை வைத்திருந்த கூரையை அது எடுத்துக்கொண்டது. குளிர்சாதனத்தையும் எடுத்துக்கொண்டது. சப்பாத்துப் பகுதி தனிக்கடை ஆனது, சட்டைப் பகுதி தனிக்கடை ஆனது. ஒவ்வொருவரிடமும் வாடகை வாங்கினால் வளாகத்துக்காரருக்கு லாபம். பெருங்கடையில் நன்றாக விற்கும் பகுதி, விற்காத பகுதியைச் சேர்த்துச் சுமக்கும். தனித்தனியாகப் பிரிந்தபின் சுமக்க ஆளில்லை.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்ற முடியாதபடி ஒரு சட்டம் இருந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பார்கள். பழைய கடைத்தெருக்களில் பல கடைகள் அந்தச் சட்டத்தின் நிழலில்தான் நின்றன. 1997ல் அதை நீக்கச் சட்டம் வந்தது. 1999 முடிவோடு கட்டுப்பாடு போய்விட்டது. அதன் பிறகு வாடகை பல மடங்கு ஏறியது. பினாங்கிலும் மலாக்காவிலும் கோலாலம்பூரிலும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தவர்கள் மூட்டை கட்டினார்கள். கட்டடக்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வரும் வாடகை கூரை ஓடு மாற்றக்கூடக் காணாது என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஆனால் 1979 மலரில் விளம்பரம் கொடுத்த கடைகளில் எத்தனை அந்த இரண்டாயிரமாவது ஆண்டில் போயின என்று பெரியவர்களைக் கேட்டேன். ஒவ்வொருவரும் விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்காக வளாகங்கள் சாகாவரம் பெற்றவை என்று நினைக்கவேண்டாம். யோஹான் என்ற ஜப்பானியக் கடை 1974ல் சிங்கப்பூருக்கும் 1987ல் கோலாலம்பூருக்கும் ஆரவாரமாக வந்தது. 1997ல் ஜப்பானில் தாய்க் கடையே திவாலாகிவிட்டது. பிரெஞ்சு நாட்டுக் கேர்ஃபோர் 1994ல் வந்து 2012ல் கடைகளை விற்றுவிட்டுப் போனது. முதல் வளாகமான அம்பாங் பார்க் 2017 முடிவில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. எதற்கு? எம்.ஆர்.டி. ரயில் பாதைக்காக! வழி மாறினால் கடை போகும் என்றேனே, இங்கே வழியே வந்து கடையை இடித்துவிட்டது. 1994ல் பத்து ரோட்டில் திறந்த சோகோ பெருங்கடை மட்டும் இன்றும் நடக்கிறது. ஜப்பானில் அதன் தாய் நிறுவனம் 2000ல் விழுந்தபிறகும் இது நிற்கிறது. அதன் பக்கத்திலேயே பண்டாராயா ரயில் நிலையம் இருப்பதை அடுத்த தடவை போகும்போது பாருங்கள். மஸ்ஜிட் இந்தியா பக்கமும் தீபாவளிக் கூட்டத்தில் இன்னும் தோள் இடிக்கத்தான் செய்கிறது.

ராபின்சன் கதையை முடித்துவிடுகிறேன். கோலாலம்பூர்க் கிளை இடையில் மூடப்பட்டு, 2007ல் மீண்டும் வந்தது. ஜான் லிட்டிலின் கடைசிக் கடை 2016 முடிவில் சிங்கப்பூரில் மூடியது. 2012ல் லசாடாவும் 2015ல் ஷோப்பியும் வந்து, கடைக்குப் போகும் வழியை நம் கைப்பேசிக்குள் போட்டுவிட்டன. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த அக்டோபர் 30ஆம் தேதி ராபின்சன் தன் கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. 162 ஆண்டு. கடைசி விற்பனைக்கு நீண்ட வரிசை நின்றது. இத்தனை பேரும் முன்பே வந்திருந்தால் கடை மூடியிருக்காதே என்று அப்போது பலர் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஏனென்றால் நம் பட்டணத்துக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பாய் கடை உங்கள் எல்லாருக்கும் தெரியும். பள்ளிச் சீருடை, வெள்ளைச் சப்பாத்து, புத்தகப்பை எல்லாம் அங்கேதான். கையில் காசு இல்லையென்றால் பாய் கணக்குப் புத்தகத்தைத் திறப்பார். பெயர், தோட்டம், பாக்கி. மாதா மாதம் பத்து வெள்ளி கொடுத்தால் போதும். வட்டி கிடையாது. பரிசளிப்பு விழாவுக்குப் புத்தகப்பைகளும் பல ஆண்டுகளாக அவரிடம்தான் வாங்கினோம். அவரும் மலருக்கு முழுப் பக்க விளம்பரம் கொடுப்பார், 200 வெள்ளி.

இரண்டு ஆண்டுக்கு முன் பரிசு வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கைப்பேசியில் தேடினேன். அதே பை, ஒன்றுக்கு ஆறு வெள்ளி குறைவு. நாற்பது பை. 240 வெள்ளி மிச்சம் என்று கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன், கைதட்டினார்கள். பாயிடம் அந்த ஆண்டு விளம்பரம் கேட்கப் போக எனக்கு முகம் இல்லை. ஆக மிச்சம் 40 வெள்ளி. அதில் இரண்டு பைகளின் ஜிப்பு முதல் மாதமே போய்விட்டது; யாரிடம் போய்க் கேட்பது?

நான் ஒருவன் வாங்காததால் பாய் கடை மூடியது என்று சொல்லவில்லை. பட்டணத்துக்கு வெளியே புறவழிச்சாலை வந்து, பஸ் நிலையம் இடம் மாறி, தோட்டத்துக் குடும்பங்கள் பாதிக்கு மேல் வெளியேறி, எல்லாம் சேர்ந்துதான் மூடியது. பாய்க்கும் வயதாகிவிட்டது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் இன்று பள்ளி திறக்கும் நேரத்தில் பெற்றோர் சிலர் கைப்பேசியில் தவணைக்குச் சீருடை வாங்குகிறீர்கள். தவணை தவறினால் அபராதம். பால்மரத்தில் மழை பெய்து வேலை நின்ற மாதத்தை அந்தக் கைப்பேசிக்கு எடுத்துச் சொல்ல முடிகிறதா? பாய்க்குச் சொன்னால் புரியும். “மழை எனக்கும்தாம்மா பெய்யுது” என்பார்.

இவ்வாண்டு விளம்பரத்துக்கு அவரிடம் போயே தீருவது என்று கிளம்பினேன். கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே அலமாரிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். “வாங்க சார், நல்ல நேரத்துக்கு வந்தீங்க” என்றார். பை விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மேசையடியிலிருந்து அந்தக் கணக்குப் புத்தகங்களை எடுத்தார். மொத்தம் நான்கு. “இதை எடைக்குப் போட மனசு வரல சார். பெயரெல்லாம் இருக்கு. நீங்க சரித்திர வாத்தியார்தானே, வச்சுக்குங்க. யாருகிட்டயும் காட்டாதீங்க” என்றார்.

இப்போது அவை என் மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கின்றன. காட்டமாட்டேன், பயப்படவேண்டாம். நம் தோட்டத்துக்கு மட்டும் பதினேழு பக்கம். பெரும்பாலும் கோடு போட்டு அடித்த கணக்குகள்தான், அதாவது கட்டித் தீர்த்தவை. அடிக்காமல் விட்டவை பதினொன்று. அதில் ஒன்றைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. 1998ஆம் ஆண்டு, வெள்ளைச் சப்பாத்து ஒரு ஜோடி, 12 வெள்ளி. என் அம்மாவின் பெயர். அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் நான் இதே பள்ளிக்கு வந்தேன். அந்த வருடம் அப்பா கால் முறிந்து கிடந்தார். அம்மா மறந்திருப்பார், பாயும் கேட்டிருக்கமாட்டார்.

மறுநாளே 12 வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் வாங்கவில்லை. “கடைதான் இல்லையே, எந்தக் கணக்குல எழுதுறது? மலருக்குப் போட்டுக்குங்க” என்றார். 12 வெள்ளிக்குக் கால் பக்கம்கூட வராது என்று அச்சகத்தில் சொன்னார்கள். கெஞ்சிக் கேட்டு ஒரு வரி வாங்கியிருக்கிறேன். கடைசி விளம்பரப் பக்கத்தின் அடியில், கடைப்பெயர் இல்லாமல், ‘மாணவர்களுக்கு வாழ்த்துகள்’ என்று சின்ன எழுத்தில் இருக்கிறதே, அது அவருடையது.